உட்கோள்களின் பாதைகளை வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கின் பாதைகளையும் ஒரு ஏ4 தாளில் அளவு மாறாமல் வரைந்துவிடலாம். கவராயம், பாகைமானி, அளவுகோல் இருந்தால் போதும். ஆனால் வரைகிறவர்களில் பெரும்பாலோர் முதல் கோட்டிலேயே தவறுகிறார்கள்: பாதையை முட்டை வடிவில் போட்டுவிடுகிறார்கள்.

பாடநூல் படங்கள் பாதைகளைச் சாய்வாகப் பார்ப்பதுபோல் காட்டுவதால் வரும் வினை இது. நான்கில் வட்ட வடிவிலிருந்து அதிகம் விலகியது புதனின் பாதை. அதன் மையத்தொலைத் தகவு, அதாவது வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு (வட்டத்துக்கு 0), 0.206. அதற்கே அரை நெட்டச்சு (நீளவாக்கில் பாதி) 10 செ.மீ. என்றால் அரைக் குற்றச்சு (அகலவாக்கில் பாதி) 9.79 செ.மீ. வரும். கண்ணுக்கு அது வட்டம்தான். நீள்வட்டத்தின் அடையாளம் உருவத்தில் அல்ல, சூரியன் நடுவில் இல்லாமல் குவியத்தில் (நீள்வட்டத்தின் நெட்டச்சில் மையத்துக்கு இருபுறமும் உள்ள இரு புள்ளிகளில் ஒன்றில்) விலகி நிற்பதில் தெரியும். எனவே வட்டமே போடுங்கள். மையத்தை மட்டும் நகர்த்துங்கள்.

ஒரு வானியல் அலகுக்கு, அதாவது சுமார் 15 கோடி கி.மீ.க்கு, 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளின் நடுவில் சூரியனுக்கு ஒரு புள்ளி. வலப்பக்கத்தை 0 பாகையாகக் கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அளக்க வேண்டும்.

புதன்: ஆரம் 1.94 செ.மீ., மையம் 257 பாகைத் திசையில் 4 மி.மீ. தள்ளி.
வெள்ளி: ஆரம் 3.62 செ.மீ.; விலகல் கால் மி.மீ.தான், விட்டுவிடலாம்.
பூமி: ஆரம் 5 செ.மீ., 283 பாகையில் 0.8 மி.மீ.
செவ்வாய்: ஆரம் 7.62 செ.மீ., 156 பாகையில் 7.1 மி.மீ.

எல்லா மையங்களையும் ஒரே பக்கமாக நகர்த்துவது இங்கே நடக்கும் இன்னொரு பிழை. ஒவ்வொரு கோளும் சூரியனை நெருங்கும் திசை வேறு.

சூரியனை எலுமிச்சை அளவுக்கு வரைந்து மஞ்சள் பூசும் ஆசையையும் விட்டுவிடுங்கள். இந்த அளவில் அதன் விட்டம் அரை மி.மீ.கூட இல்லை. பூமியை வரையவே முடியாது. உருண்டைகளாலான மாதிரி வேண்டுமென்றால், 10 செ.மீ. பந்தைச் சூரியனாக வைத்தால் பூமி 0.9 மி.மீ. மணி, அது நிற்கும் இடம் 10.75 மீட்டர் தள்ளி. செவ்வாய்க்கு 16.4 மீட்டர். மேசைமேல் அடங்குகிற வேலை இல்லை.

வரைந்த படத்தைப் படிப்பதிலும் சறுக்கல்கள் உண்டு. செவ்வாய் சூரியனைச் சுற்ற 687 நாள் ஆகிறது. ஆகவே 687 நாளுக்கு ஒருமுறை நம்மை நெருங்கும் என்று கணக்குப் போடுவார்கள். பூமியும் நகர்கிறதே! 1/365.26-இலிருந்து 1/686.98-ஐக் கழித்து, விடையைத் தலைகீழாக்கினால் சராசரியாக 780 நாள் வரும். நெருக்கமும் ஒவ்வொரு முறையும் ஒன்றல்ல. உங்கள் படத்தில் செவ்வாய் சூரியனை மிக நெருங்கும் 336 பாகைத் திசையில் இரு பாதைகளுக்கும் இடைவெளியை அளந்தால் ஏறத்தாழ 1.85 செ.மீ.; நேர் எதிரே 3.4 செ.மீ. 2003 ஆகஸ்டில் செவ்வாய் 5.58 கோடி கி.மீ. வரை வந்ததற்கும், 2027 பிப்ரவரியில் சுமார் 10.1 கோடி கி.மீ.யோடு நின்றுவிடுவதற்கும் காரணம் அந்த 7.1 மி.மீ. விலகல்தான்.

சூரியனுக்கு அருகே போனால் கோடை என்ற எண்ணம் பூமிக்குப் பொருந்தாது. ஜனவரித் தொடக்கத்தில் 14.71 கோடி கி.மீ., ஜூலைத் தொடக்கத்தில் 15.21 கோடி; வெயிலில் வேறுபாடு சுமார் 7 சதவீதம். பருவத்தைத் தீர்மானிப்பது 23.4 பாகை அச்சுச் சாய்வு. ஆனால் இதையே விதியாக்கி, தொலைவால் எங்கும் பயனில்லை என்பதும் தவறு. செவ்வாயில் அருகுநிலைக்கும் (சூரியனுக்கு மிக அருகே உள்ள இடம்) தொலைநிலைக்கும் (மிகத் தொலைவில் உள்ள இடம்) வெயில் 45 சதவீதம் வேறுபடுகிறது. அதன் தென் அரைக்கோளக் கோடை குறுகியதாகவும் கடுமையாகவும் இருப்பது அதனால்தான்.

கடைசியாக, தாள் தட்டையானது, பாதைகள் அப்படியல்ல. புதனின் பாதை பூமியின் பாதைத் தளத்துக்கு 7 பாகையும், வெள்ளியின் பாதை 3.4 பாகையும் சாய்ந்துள்ளன. படத்தை நம்பினால், வெள்ளி சுமார் 584 நாளுக்கு ஒருமுறை நமக்கும் சூரியனுக்கும் நடுவே வரும்போதெல்லாம் சூரிய வட்டின் மேல் கரும்புள்ளியாகக் கடக்க வேண்டும். உண்மையில் அது பெரும்பாலும் வட்டுக்கு மேலோ கீழோ நழுவிப் போய்விடுகிறது. 2012 ஜூனில் கடந்தது. அடுத்தது 2117 டிசம்பரில்.