ஃபாயில் கார்டு வளைந்தால்

போக்கிமான் விளையாட்டின் ஃபாயில் கார்டுகள் (முகப்பில் மினுங்கும் மெல்லிய உலோகப் படலம் உள்ளவை) மழைக்காலத்தில் ஓரங்கள் முகப்புப் பக்கமாக எழும்பி வளையும். பின்னாலுள்ள அட்டை ஈரத்தை உறிஞ்சி விரிகிறது; முன்னாலுள்ள ஃபாயில் விரிவதில்லை. கனமான புத்தகத்தை மேலே வைத்து அழுத்துவது வீண், ஈரம் உள்ளேயேதான் இருக்கும். ஸ்லீவில் (கார்டுக்கான பிளாஸ்டிக் உறை) போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு சின்ன ஈரப்பதமானியும் வைத்தேன். ஈரப்பதம் 45–50 சதவீதத்தில் நின்றதும் கார்டுகள் சில நாளில் நிமிர்ந்துவிட்டன. ஜெல் அதிகமானால் மறுபக்கம் வளையும். 40-க்குக் கீழே இறங்கினால் ஒரு ஜெல் பொட்டலத்தை எடுத்துவிடுங்கள்.

ஆல்பத்துக்கு பிவிசி பிளாஸ்டிக் தாள் வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் தாள் வாங்குங்கள். வட்ட வளைய ஃபைல் உள்ளோரக் கார்டுகளில் தழும்பு பதிக்கும். சுவரில் மாட்ட ஆசையா? புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் சட்டம்கூட மங்குவதைத் தள்ளித்தான் போடும். விலை கூடிய கார்டு டப்பாவிலேயே இருக்கட்டும். அதன் வண்ண நகலை மாட்டலாம்.