குளிரில் விறைத்தவரை மலையிலிருந்து இறக்குவது

இங்கிலாந்து, வேல்ஸ் மலைகளில் 999 என்ற அவசர எண்ணை அழைத்து, போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்பு என்று சொன்னால் வருபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். நீங்களும் அப்படி மீட்கப் போகிறவர் என்றால், குளிரில் விறைத்துக் கிடப்பவரிடம் போய்ச் சேர்ந்ததும் முதலில் தரையைக் கவனியுங்கள். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும், அடியில் ஈர மண் இருந்தால் உடம்புச் சூடு அந்த வழியாகவே போய்விடும். முதுகுக்கடியில் ஃபோம் பாயை இரட்டையாகப் போடுங்கள்.

காற்று மறைவு கிடைத்தால் மட்டும் ஈர உடையை வெட்டி எடுங்கள், இழுத்துக் கழற்றாதீர்கள். மறைவு இல்லையா? உடையோடு பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அதன்மேல் ஸ்லீப்பிங் பேக். சூட்டுப் பொதியைத் துணியில் சுற்றி அக்குளிலும் மார்பிலும் வையுங்கள். கைகால்களைத் தேய்க்கவே கூடாது.

நடுங்குகிறார், தெளிவாகப் பேசுகிறார் என்றால் இனிப்பான பானம் கொடுக்கலாம். நடுக்கம் நின்று பேச்சு குழறினால் ஆபத்து அதிகம். அவரை உட்கார வைக்காதீர்கள், படுத்தபடியே அலுங்காமல் தூக்குங்கள். ஒரு குலுக்கலில் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். நாடியை ஒரு நிமிடம் வரை பொறுமையாகப் பாருங்கள், அவ்வளவு மெதுவாக அடிக்கும்.

ஸ்ட்ரெச்சருக்கு 6 முதல் 8 பேர். கை தளரும் முன்பே ஆள் மாற்றுங்கள். கட்டளை ஒருவர் குரலில் மட்டும்.