கடலோரக் கல்லூரி பாஸ்கெட்பால் டீம் இந்த வருஷம் தேறுமா? நோட்டில் போட்டுப் பார்க்கும் கணக்கு

முதலாமாண்டில் ஆறடி இரண்டங்குலத்தில் ஒரு பையன் சேர்ந்துவிட்டால் போதும், "இந்த வருஷம் கப் நமக்குத்தான்" என்று கேண்டீனில் பேச்சு கிளம்பிவிடும். உயரம் நல்லதுதான். ஆனால் ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கத்துக் கல்லூரி டீம்கள் பெரும்பாலும் தோற்பது உயரக் குறைவால் இல்லை. பந்தைக் கைவிடுவதாலும், ஃபவுலுக்குக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோவைத் தவறவிடுவதாலும்தான். ஜூனில் கல்லூரி திறந்ததுமே இதை எண்ணிப் பார்த்துவிடலாம்.

யார் போய்விட்டார்கள் என்பதில் தொடங்குங்கள். பத்து நிமிடக் குவார்ட்டர் நான்கு, களத்தில் ஐந்து பேர். ஆக ஒரு மேட்ச்சுக்கு 200 ஆள்-நிமிடம். படிப்பு முடித்துப் போனவர்கள் அதில் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று பழைய ஆட்டக்காரர்களைக் கேட்டுத் தோராயமாக எழுதுங்கள். 100-ஐத் தாண்டினால் அது புது டீம், போன வருஷ ரிசல்ட்டை மறந்துவிடலாம். பந்தைத் தட்டிக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டு போயிருந்தால் அவன் ஆடிய 30 நிமிடத்தை 50 என்றே எழுதுங்கள். எதிராளி முழு கோர்ட்டிலும் நெருக்கும்போது எட்டு வினாடிக்குள் பந்தைப் பாதிக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோக இன்னொருவனைப் பழக்குவது ஒரு மாத வேலை.

ஆள் இருந்தும் இல்லாத கணக்கு ஒன்றும் உண்டு. அப்பாவோடு விசைப்படகில் போகிற பையன்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருப்பார்கள். ஓட்டம், தாவல், கால் வலு எல்லாவற்றையும் அந்த 61 நாளில் ஏற்றிவிட வேண்டும். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை என்பதால் அந்த வீட்டுப் பையன்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தடை முடிந்தபின் யார் எந்தக் கிழமை வர முடியாது என்று ஒரு தாளில் எழுதி ஸ்டோர் ரூம் கதவில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது பயிற்சி மேட்ச். பெஞ்சில் இருக்கும் இரண்டு பேரிடம் நோட்டைக் கொடுத்து, ஆளுக்கு ஒரு டீமைக் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள்: அடித்த ஷாட், விழுந்த ஷாட், ஃப்ரீ த்ரோ, எதிர் ரிங்கில் நாம் எடுத்த ரீபவுண்ட் (விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது), டர்ன்ஓவர் (ஷாட் அடிக்காமலே பந்தை எதிராளியிடம் இழப்பது). ஷாட் எண்ணிக்கையோடு ஃப்ரீ த்ரோவை 0.44-ஆல் பெருக்கிக் கூட்டி, எதிர் ரிங் ரீபவுண்டைக் கழித்து, டர்ன்ஓவரைச் சேர்த்தால், பந்து எத்தனை முறை நம் கைக்கு வந்தது என்பது கிடைக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு. 58 ஷாட், 16 ஃப்ரீ த்ரோ, 9 ரீபவுண்ட், 19 டர்ன்ஓவர். 58 + 7 - 9 + 19 = 75. ஸ்கோர் 54-61, நமக்குத் தோல்வி. 75-ல் 19 என்றால் நான்கில் ஒரு பந்து ஷாட் அடிக்காமலே போயிருக்கிறது. ஷாட் வரை போன 56 முறையில் 54 பாயின்ட், அதாவது முறைக்கு ஏறக்குறைய ஒன்று. டர்ன்ஓவர் 13 ஆகக் குறைந்தால் ஆறு பாயின்ட் கூடும். 16 ஃப்ரீ த்ரோவில் 10 விழுந்த இடத்தில் 13 விழுந்தால் இன்னும் மூன்று. 63-61. ஒருவனும் ஓர் அங்குலம்கூட வளரவில்லை, மேட்ச் நம் கையில்.

ஆகவே ஃப்ரீ த்ரோவைப் பயிற்சியின் கடைசியில், மூச்சு வாங்கும்போது அடிக்க வையுங்கள்: இரண்டு ஃப்ரீ த்ரோ, கோர்ட் நீளத்துக்கு 28 மீட்டர் ஓட்டம், மறுபடி இரண்டு, இப்படிப் பத்து. நின்ற நிலையில் ஐம்பது அடித்துவிட்டு "எனக்கு எண்பது சதவீதம்" என்பவன் கணக்கு மேட்ச்சில் செல்லாது.

இனி எண்ணையே பொய்யாக்குகிற விஷயங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று திறந்தவெளிக் கோர்ட்டில் 6.75 மீட்டர் மூன்று பாயின்ட் கோட்டிலிருந்து வரும் ஷாட்டை ஓரமாகத் தள்ளிவிடும். ஷாட் எண்ணிக்கையைக் காலை ஏழரைக்குள் எடுங்கள். மாலையில்தான் முடியும் என்றால் எந்தப் பக்க ரிங் என்றும் குறியுங்கள்.

ரிங் இன்னும் மோசமாக ஏமாற்றும். உப்புக்காற்றில் போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்த ரிங், மேலே பட்ட பந்தை மெத்தென்று வாங்கி உள்ளே விட்டுவிடும். அதிலேயே பழகியவன் வெளியூரில் முறுக்கான ரிங்கைப் பார்த்ததும் திணறுவான். டேப் பிடித்து முன் விளிம்பையும் போர்டை ஒட்டிய இடத்தையும் அளந்து பாருங்கள், இரண்டும் 3.05 மீட்டர் இருக்க வேண்டும். முன்பக்கம் விரல்கடை தொங்கினாலும் போல்ட்டை மாற்றுங்கள். சாதா இரும்பு வேண்டாம், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட் கிரீஸ் தடவிப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

பந்தை 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் அதன் உச்சி 1.2-க்கும் 1.4-க்கும் இடையே எழ வேண்டும். வெயிலில் கிடந்த பந்து அதிகமாகத் துள்ளும். நிழலில் ஆறவிட்டுப் பாருங்கள். கோர்ட்டில் மணல் இருந்தால் கால் வழுக்கி வருகிற டிராவலிங்கெல்லாம் (பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைப்பது) டர்ன்ஓவர் கணக்கில் ஏறிவிடும், கணுக்காலுக்கும் ஆபத்து. தென்னை ஈர்க்கு விளக்குமாறு இரண்டு, பத்து நிமிடம், தினமும்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை அதே எண்ணிக்கையை எடுங்கள். அக்டோபரில் வடகிழக்கு மழை பிடித்தால் திறந்த கோர்ட் ஈரமாகவே கிடக்கும். அதற்குள் டர்ன்ஓவர் ஐந்தில் ஒன்றுக்குக் கீழே வராவிட்டால் வேகமாக ஓடி ஆடும் ஆட்டத்தை விட்டுவிடுங்கள். ஷாட் எடுக்கக் கிடைக்கிற 24 வினாடியில் பதினைந்து வினாடியாவது செலவழித்து, நாலு பாஸ் போட்டபின் ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். மழை நாளில் வராந்தாவிலேயே இதை நடந்து நடந்து பழக்கலாம், ரிங்கே தேவையில்லை.