டிஜிட்டல் பெட் வளர்க்கப் போறீங்களா? பலரும் சொதப்புற இடங்கள் இதுதான்

ஹவுஸ் ஓனர் நாய் கூடாதுன்னுட்டாரு, வீட்ல ஒருத்தருக்கு பூனை முடி பட்டாலே வீசிங், ஆனா பிள்ளை மட்டும் பெட் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. இப்படிப்பட்ட வீட்லதான் தமகோச்சியோ (குட்டித் திரைக்குள்ள ஒரு பெட்டை வளர்க்குற, முட்டை மாதிரி இருக்குற பொம்மை), போன்ல ஒரு ஆப்போ குடுத்து சமாளிக்கிறாங்க. என்னைக் கேட்டா நல்ல யோசனைதான், கூண்டுல பச்சைக்கிளி வாங்கி அடைக்கிறதுக்கு (அது நம்ம ஊர்ல சட்டப்படி குத்தமும் கூட) இது எவ்வளவோ மேல். ஆனா விசாரிக்காம வாங்கி குடுத்துட்டு அப்புறம் பிள்ளையும் அழுது, காசும் போயி, "எல்லாம் வேஸ்ட்"னு புலம்புறவங்க நெறைய.

மொத சொதப்பல், எல்லா டிஜிட்டல் பெட்டும் ஒண்ணுதான்னு நெனைக்கிறது. 1996ல ஜப்பான்ல பண்டாய் கம்பெனி விட்ட தமகோச்சி, கவனிக்கலன்னா செத்துப்போகும். போன்ல வர்ற போவ், டாக்கிங் டாம் எல்லாம் பசியில வாடுமே தவிர சாகாது. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எது சரின்னு பாத்து குடுங்க. செத்துப்போச்சுன்னு அழுற பிள்ளைகிட்ட "அட பொம்மைதானே, பட்டனை அமுக்கு, புதுசு வரும்"னு சிரிக்காதீங்க ப்ளீஸ், திரையில முட்டை பொரிஞ்சு வந்ததுல இருந்து பிள்ளைதான் அதை பாத்துக்கிட்டு இருந்துச்சு.

தமகோச்சி வளர்க்குறதுலயே சில நுணுக்கம் இருக்கு. மூணே மூணு பட்டன்தான். பிள்ளைங்க பண்றது என்னன்னா சந்தோஷத்தைக் காட்டுற இதயப் படம் சீக்கிரம் ரொம்பணும்னு ஸ்நாக்ஸ் மேல ஸ்நாக்ஸா குடுப்பாங்க, வெயிட் ஏறி உடம்பு கெட்டுப்போகும், கூட விளையாடினாதான் வெயிட்டும் குறையும் சந்தோஷமும் ஏறும். உடம்பு சரியில்லன்னு மண்டை ஓடு படம் வந்தா மருந்து ஐகானை ஒரு தடவ அமுக்கிட்டு சரியாயிடுச்சுன்னு விட்டுடுவாங்க, சில சமயம் ரெண்டாவது டோஸ் குடுத்தாதான் மண்டை ஓடு மறையும். தூங்குனதும் லைட்டை அணைக்கணும், அதையும் மறந்துடுவாங்க. பெரிய தொல்லை ஸ்கூல் நேரம், ஏன்னா அது ஓடுறது நெஜ கடிகாரத்துல, பழைய மாடல்ல நேரத்தை நிறுத்தி வைக்கிற பட்டனே கிடையாது, 1997ல பல நாட்டு ஸ்கூல்கள்ல இதை தடை பண்ணினதே அதனாலதான். பிள்ளை ஸ்கூலுக்கு போனா அம்மா ஆபீஸ்ல உக்காந்து கக்கா அள்ளணும். அதே வருஷம் இதை உருவாக்கின அகிஹிரோ யோகோய், அகி மைட்டா ரெண்டு பேருக்கும், லட்சக்கணக்கான மணி நேர உழைப்பை திசை திருப்பினதுக்காக கிண்டலா பொருளாதாரத்துக்கான இக் நோபல் (நோபல் பரிசை கேலி பண்ற மாதிரி குடுக்குற பரிசு) குடுத்தாங்கன்னா பாத்துக்கோங்க. கடிகாரம் செட் பண்ற திரைக்கு போயி அப்படியே விட்டுட்டா நேரம் நிக்கும், அந்த தந்திரத்தை தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

அடுத்தது பெத்தவங்க பண்றது, எனக்கு இதுதான் கடுப்பு. "இத ஒரு மாசம் சாகாம பாத்துக்கோ, அப்புறம் நெஜ நாய் வாங்கித் தரேன்"னு பரீட்சை வைக்கிறது. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லங்க. தமகோச்சி பீப்னு கூப்பிட்டு என்ன வேணும்னு படம் போட்டு காட்டும், நெஜ நாய்க்கு முடியலன்னா எந்த ஐகானும் வராது, சோத்தை மோந்து பாத்துட்டு மூலைல போய் சுருண்டுக்கும், அதை கவனிக்கிற கண்ணு வேற. இதுல பாஸ் ஆன பிள்ளை நாயை நல்லா பாத்துக்கும்னும் சொல்ல முடியாது, பெயில் ஆன பிள்ளைக்கு பாசமே இல்லன்னும் சொல்ல முடியாது.

காசு விஷயம் சுருக்கமா: ஆப் ப்ரீதான், உள்ள காயின், டைமண்ட், டிரஸ்ஸுன்னு கடை விரிச்சிருக்கும். பிளே ஸ்டோர்ல ஒவ்வொரு தடவ வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேக்குற மாதிரி மாத்திட்டு அப்புறம் போனைக் குடுங்க.

சாகாத பெட்டுன்னா எப்பவும் இருக்கும்னும் நம்பாதீங்க. சோனி 1999ல ஐபோன்னு ஒரு ரோபோ நாய் விட்டாங்க (ஆப்பிள் போன் இல்ல, ஐ-போ!), விலை ரெண்டரை லட்சம் யென். 2006ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க, 2014ல ரிப்பேர் சர்வீஸையும் மூடிட்டாங்க, ஸ்பேர் பார்ட்ஸ் இல்லாம நின்னுபோன நாய்களுக்கு ஜப்பான்ல சிபா மாகாணத்து கோயில் ஒண்ணுல பிக்குகள் மந்திரம் ஓதி இறுதிச் சடங்கே பண்ணினாங்க. கம்பெனியோட சர்வரை நம்பி ஓடுற எந்த பெட்டுக்கும், கம்பெனி அதை மூடிட்டா இந்த கதி வரலாம்.

கடைசியா ஒண்ணு, விளையாட்டு இல்ல. சின்ன பொம்மை மாடல் பலதுல பட்டன் பேட்டரிதான். தவழுற குழந்தை இருக்குற வீடுன்னா பின் மூடி ஸ்குரூ டைட்டா இருக்கான்னு பாருங்க, தீந்த பேட்டரியை டேபிள் மேல போட்டு வைக்காதீங்க. முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயை பொசுக்க ஆரம்பிச்சிடும், வாந்தி எடுக்க வெக்காம, நாளைக்கு வெளிய வந்துடும்னு காத்திருக்காம, நேரா ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க.