இங்கிலீஷ் லிசனிங் பீரியட்ல என்ன நடத்தலாம், மார்க் எப்படி போடலாம்

நம்ம ஸ்டேட் போர்டுல பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ் பொதுத்தேர்வு 100 மார்க்கும் எழுத்துத் தேர்வுதான், காதால கேட்டு பதில் எழுதுற மாதிரி ஒரு கேள்வியும் கிடையாது. அதனாலயே புத்தகத்துல லிசனிங்னு பகுதி இருந்தாலும், அதுக்கு பாசேஜ் குடுத்திருந்தாலும் போர்ஷன் முடிக்கிற அவசரத்துல முதல்ல அடிபடுறது அதுதான். சிபிஎஸ்இ-ல ஒன்பது பத்துக்கு 20 மார்க் இன்டர்னல்ல பேசுறதுக்கும் கேக்குறதுக்கும் சேர்த்து 5 மார்க் வச்சிருக்காங்க, அங்கயும் நிறைய இடத்துல கடைசி நேரத்துல குத்துமதிப்பா போடுற மார்க்தான்.

சரி, நடத்துற இடத்துல எப்படி நடக்குது? டீச்சர் பாசேஜை நிறுத்தி நிதானமா ரெண்டு தடவை வாசிப்பாங்க, அஞ்சு கேள்வி கேப்பாங்க, முன்பெஞ்சு புள்ளைங்க பதில் சொல்லும், பீரியட் முடிஞ்சது. இதுல சொல்லிக்கொடுத்தது எதுவுமே இல்ல, பரீட்சை மட்டும்தான் நடந்திருக்கு. தப்பா சொன்ன பையனுக்கு தான் எங்க கோட்டை விட்டோம்னு கடைசி வரைக்கும் தெரியாது. அந்த இடத்தைக் கண்டுபிடிச்சு திறந்து காட்டுறதுதான் லிசனிங் நடத்துறது, அதை எப்படி பண்றதுன்னு பாப்போம்.

முதல்ல ஆடியோ. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்கு மேல வேணாம், அதுக்கு மேல போனா ஞாபகசக்திக்கு டெஸ்ட் வைக்கிற மாதிரி ஆயிடும். இன்டர்நெட்ல தேடி அலையறதுக்கு முன்னாடி உங்க வாட்ஸ்அப்பைத் திறங்க. வேற ஊர்ல இருக்கிற ரெண்டு மூணு டீச்சர் ஃப்ரெண்ட்ஸ் கிட்ட இங்கிலீஷ்ல ஒரு வாய்ஸ் நோட் கேளுங்க, பஸ் ஸ்டாண்ட்ல இருந்து உங்க வீட்டுக்கு எப்படி வரணும், போன ஞாயித்துக்கிழமை என்ன பண்ணீங்க, இந்த மாதிரி. ஒரே கண்டிஷன், எழுதி வச்சு வாசிக்கக் கூடாது, நாலு பாயின்ட் மட்டும் வச்சுக்கிட்டு பேசணும். எழுதினதை வாசிச்சா அது காதுக்கு வர்ற கட்டுரைதான், பேச்சு இல்ல. பேச்சுன்னா "டர்ன் லெஃப்ட், நோ நோ சாரி, ரைட்"னு நடுவுல திருத்துவாங்க, இழுப்பாங்க, சொன்னதையே திரும்ப சொல்லுவாங்க, அதெல்லாம்தான் புள்ளைங்க பழக வேண்டியது. ஆக்சென்ட் பத்தி பெருசா கவலைப்படாதீங்க, முதல்ல நம்ம ஊர் குரல், அப்புறம் கேரளா, வடநாட்டு குரல், பழகினதுக்கப்புறம் பிபிசி பக்கம் போலாம்.

பாடுற சாதனம் ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் போதும். ஹைடெக் லேப் கிடைச்சா நல்லது, கிடைக்கலன்னு நிறுத்தாதீங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வரியைப் போட்டு கடைசி பெஞ்சைக் கை தூக்கச் சொல்லுங்க, கேக்கலன்னா ஸ்பீக்கரை கிளாஸ் நடுவுல வைங்க, ஃபேன் சத்தம் ரொம்ப இருந்தா அந்த ரெண்டு நிமிஷம் ஆஃப் பண்ணிடுங்க, யாரும் உருகிட மாட்டாங்க.

போடுறதுக்கு முன்னாடி யாரு யாருகிட்ட எதைப்பத்தி பேசுறாங்கன்னு மட்டும் சொல்லுங்க, ஊர் பேரு ஆள் பேரு மாதிரி கஷ்டமான மூணு நாலு வார்த்தையை போர்டுல எழுதுங்க, கதையைச் சொல்லிடாதீங்க. முதல் தடவை போடும்போது ஒரே கேள்விதான், மொத்தத்துல என்ன விஷயம். ரெண்டாவது தடவை விவரம், எத்தனை மணி, எவ்வளவு ரூபாய், எந்தப் பக்கம். அதுக்கப்புறம் உடனே ஆன்சரைச் சொல்லிடாம பக்கத்துல இருக்கிறவன் கூட ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க, நல்லா சண்டை போடட்டும், மூணாவது தடவை கேக்குறதுக்கு காரணம் அங்கதான் கிடைக்குது.

இனிமேதான் முக்கியமான வேலை. எந்த வாக்கியத்துல நிறைய பேர் தடுக்கி விழுந்தாங்களோ அந்த ஒரே வாக்கியத்தை எடுத்து திரும்பத் திரும்பப் போட்டு, எத்தனை வார்த்தை கேட்டுச்சுன்னு விரல் விட்டு எண்ணச் சொல்லுங்க. ஒருத்தி மூணும்பா, ஒருத்தன் அஞ்சும்பான். அப்புறம் போர்டுல எழுதிக் காட்டுங்க, "வாட் டிட் யூ டூ லாஸ்ட் நைட்", ஆறு வார்த்தை, ஆறும் ஆறாங்கிளாஸ்லயே தெரிஞ்ச வார்த்தைங்க. ஆனா காதுல விழுந்தது "வாடிஜு டூ லாஸ்நைட்". அதே மாதிரிதான் "டர்ன் இட் ஆஃப்" வரும்போது "டர்னிடாஃப்"னு ஒரே வார்த்தையா வரும். புள்ளைங்களுக்கு வார்த்தை தெரியாம இல்ல, ஒட்டி வரும்போது எங்க வெட்டணும்னு தெரியல. இதைப் புரிய வைக்க புதுசா எதுவும் வேணாம், தமிழ் பீரியட்ல புணர்ச்சி படிச்சிருப்பாங்க, மெய்யில முடிஞ்ச சொல்லுக்கு அடுத்து உயிர் வந்தா ரெண்டும் ஒட்டிக்கும்ல, அதே சங்கதிதான் இங்கிலீஷ்லயும் வாயில நடக்குதுன்னு சொன்னா டக்குனு பிடிச்சுக்குவாங்க. நாமளே "பண்ணிக்கொண்டு இருக்கிறாய்"னா பேசுறோம்? "பண்ணிட்ருக்க"தான்.

இன்னும் ரெண்டு இடத்துல நம்ம புள்ளைங்க வழக்கமா மாட்டும். ஒண்ணு, தேர்ட்டீன் தேர்ட்டி, ஃபிஃப்டீன் ஃபிஃப்டி. கடைசி சத்தத்தைத் தேடாம அழுத்தம் எங்க விழுதுன்னு கவனிக்கச் சொல்லுங்க, தேர்ட்டில முன்னாடி அழுத்தம், தேர்ட்டீனைத் தனியா சொல்லும்போது பின்னாடி. இன்னொண்ணு கேன், கான்ட். வேகமா பேசும்போது "ஐ கன் கம்"னு கேன் தேஞ்சு போயிடும், கான்ட் மட்டும் அழுத்தமா நிக்கும். P-யா B-யான்னு சத்தம் பிரிச்சு பயிற்சி குடுக்கிறதுல ரொம்ப நேரம் செலவு பண்ண வேணாம்ங்கிறது என் அபிப்பிராயம், பேக்கா (pack) பேக்காங்கிறதை (back) பெரும்பாலும் பேச்சோட சந்தர்ப்பமே சொல்லிடும், ஆனா விலை 13 ரூபாயா 30 ரூபாயான்னு சந்தர்ப்பம் சொல்லாது.

நம்பருக்குப் பழக ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி அருமையான மெட்டீரியல் கிடையாது. "ட்ரெயின் நம்பர் ஒன் டூ சிக்ஸ் த்ரீ ஃபைவ், வைகை எக்ஸ்பிரஸ்", எந்த பிளாட்ஃபார்ம், எத்தனை நிமிஷம் லேட். நீங்களே அந்த ராகத்துலயே சொல்லுங்க, கிளாஸ் சிரிக்கும், ஆனா கேக்கும். ஸ்டேஷன்ல தமிழ்லயும் சொல்லிடுறதால அங்க இங்கிலீஷை யாரும் கவனிக்கிறதில்ல, இங்க தமிழை எடுத்துட்டா கவனிச்சே ஆகணும்.

ஸ்பீக்கரே இல்லாத நாளுக்கு டிக்டோகிளாஸ்னு ஒரு பயிற்சி. நாலஞ்சு வாக்கியத்துல ஒரு சின்ன சம்பவத்தை சாதாரண வேகத்துல சொல்லுங்க, முதல் தடவை பேனாவைத் தொடக்கூடாது, ரெண்டாவது தடவை முக்கியமான வார்த்தைங்களை மட்டும் குறிச்சுக்கணும், அப்புறம் நாலு நாலு பேரா உக்காந்து மொத்தத்தையும் திரும்ப கட்டணும். ஒரிஜினலோட ஒப்பிடும்போது இறந்தகால விகுதி, ஏ, தி இதெல்லாம் எங்க விட்டாங்கன்னு அவங்களே பாப்பாங்க. ஒண்ணு மட்டும், மெதுவா சொல்றேன்னு வார்த்தை வார்த்தையா பிச்சு சொல்லாதீங்க, அப்படி யாரும் பேசறதில்ல. வாக்கியத்தை வாக்கியமாவே சொல்லிட்டு நடுவுல இடைவெளியை அதிகமாக்குங்க.

மார்க்குக்கு வருவோம். புத்தகத்துல இருக்கிற பாசேஜை வச்சு மார்க் போடாதீங்க, அது முன்கூட்டியே படிச்சிருக்கக்கூடிய விஷயம். கேள்வித்தாள் ரெடியானதும் ஆடியோ போடாமலேயே வேற கிளாஸ் புள்ளைங்க ரெண்டு பேர் கிட்ட குடுத்துப் பாருங்க. அப்துல் கலாம் பத்தி பாசேஜ் வச்சுட்டு எங்க பிறந்தார்னு கேட்டா காதைப் பொத்திக்கிட்டே ராமேஸ்வரம்னு எழுதிடுவாங்க, அந்தக் கேள்வியைத் தூக்கிடுங்க. பதில் டிக், நம்பர், ஒரு வார்த்தை, ஃபார்ம் நிரப்புறது, மேப்ல கோடு போடுறது இப்படித்தான் இருக்கணும், முழு வாக்கியம் கேட்டா அது ரைட்டிங் மார்க் ஆயிடும். வெட்னஸ்டேக்கு ஸ்பெல்லிங் தப்பா எழுதினாலும் புதன்கிழமைன்னு புரிஞ்சிருக்குன்னா முழு மார்க். பேரை எழுத்து எழுத்தா சொல்லி எழுதச் சொன்னா மட்டும்தான் ஸ்பெல்லிங் பாக்கணும்.

கேள்விங்க ஆடியோ வரிசையிலயே வரட்டும், ஒரு பதிலுக்கும் அடுத்த பதிலுக்கும் நடுவுல எழுத மூச்சு விட நேரம் இருக்கட்டும், கேள்வியைப் படிக்க முன்னாடியே ஒரு நிமிஷம் குடுங்க. எத்தனை தடவை போடுறதுங்கிற கேள்வி எப்பவும் வரும். ஐஇஎல்டிஎஸ்-ங்கிற இங்கிலீஷ் தேர்வுல ஒரே தடவைதான், 40 கேள்வி, ஆனா அது பெரும்பாலும் வெளிநாடு போறவங்க எழுதுறது. கேம்பிரிட்ஜோட ஆரம்பநிலை ஏ2 கீ தேர்வுலயே ரெண்டு தடவை போடுறாங்க, நம்ம புள்ளைங்களுக்கும் ரெண்டு தடவை சரி, எல்லா செக்ஷனுக்கும் அதே மாதிரி. 10 மார்க்னா மொத்த விஷயத்துக்கு 3, விவரத்துக்கு 5, பேசுறவர் கோவமா இருக்காரா, ஏன் வரமாட்டேங்கிறார் மாதிரி உள்அர்த்தத்துக்கு 2 வைக்கலாம், அந்த ரெண்டுக்கு தமிழ்ல பதில் எழுதினாலும் நான் ஒத்துக்குவேன், புரிஞ்சுதாங்கிறதுதானே கேள்வி.

ஏ செக்ஷன் காலையில எழுதினா மத்தியான சாப்பாட்டு நேரத்துல பி செக்ஷனுக்கு ஆன்சர் போயிடும். அதனால வாய்ஸ் நோட் கேக்கும்போதே நேரத்தையும் விலையையும் மாத்தி ரெண்டு வெர்ஷன் வாங்கி வச்சுக்கோங்க. திருத்தின பிறகு கேள்வி வாரியா ஒரு கணக்கு எடுங்க, நாப்பது பேர்ல முப்பது பேர் ஒரே கேள்வியைத் தப்பு பண்ணியிருந்தா கோளாறு கேள்வியிலயோ ஆடியோவிலயோதான், அதை ரத்து பண்ணிட்டு அந்த இடத்தை மட்டும் அடுத்த பீரியட்ல திரும்பப் போட்டு விரல் விட்டு எண்ண வைங்க.

ரைட்டிங்ல நல்லா பண்ற ஒரு புள்ளை லிசனிங்ல மட்டும் திரும்பத் திரும்ப முட்டை வாங்கினா இங்கிலீஷை சந்தேகப்படுறதுக்கு முன்னாடி தமிழ்ல பின்னாடி நின்னு மெதுவா கூப்பிட்டுப் பாருங்க. திரும்பலன்னா முன்பெஞ்சுக்கு மாத்திட்டு, வீட்டுல சொல்லி, ஸ்கூலுக்கு வர்ற மெடிக்கல் டீம் கிட்ட காது பாக்கச் சொல்லுங்க, அதுவரைக்கும் அந்த மார்க்கை ரெஜிஸ்டர்ல ஏத்தாதீங்க.