மேக்னடைட் குவார்ட்சைட்: காம்பஸ் முதல் யூரோப்பியம் வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இரும்புத்தாது என்றதும் கவுத்திமலையும் வேடியப்பன்மலையும்தான் நினைவுக்கு வரும். 1989-ல் மாவட்டம் பிரிந்ததில் இரண்டும் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டன. வேலூர், திருப்பத்தூர் பக்கத்திலிருந்து களப்பணிக்குப் போகிறவர்கள் அங்கே பார்ப்பது, மேக்னடைட்டும் (காந்தம் ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு கனிமம்) குவார்ட்ஸும் (சிலிக்கா) வரிவரியாக மாறி மாறி வரும் மேக்னடைட் குவார்ட்சைட் பாறை.

தவறு காம்பஸிலேயே தொடங்கிவிடும். மேக்னடைட் பாறைமேல் நின்று ஸ்ட்ரைக் (பாறை வரி ஓடும் திசை) எடுத்தால் முள் தாறுமாறாகத் திரும்பும். தூரத்தில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, இங்கிருந்து அதையும் அங்கிருந்து இதையும் பாருங்கள். இரண்டு அளவீடுகளுக்கும் 180 டிகிரி வித்தியாசம் வராவிட்டால் அந்த இடத்தில் காம்பஸை நம்பக் கூடாது. பாறை வரியின் இரு முனைகளையும் ஜிபிஎஸ்ஸில் குறித்துத் திசை கணக்கிடுவதே மேல்.

அடுத்தது மாதிரி. கறுப்பாகப் பளபளக்கும் வரியை மட்டும் உடைத்து எடுத்தால் இரும்பின் அளவு பொய்யாக ஏறும். தாதுவின் தரம் தெரிய வேண்டுமென்றால் வரிகளுக்குக் குறுக்கே, ஒரே அகலம், ஒரே ஆழத்தில் வாய்க்கால் போல வெட்டி எடுக்க வேண்டும். மேல்தோலில் மேக்னடைட் ஹெமடைட்டாக (ஆக்சிஜன் கூடிய இன்னொரு இரும்பு ஆக்சைடு) மாறியிருக்கும். படிக வடிவம் அப்படியே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மெருகிடாத பீங்கானில் உரசுங்கள்: கறுப்புக் கோடு மேக்னடைட், செம்பழுப்புக் கோடு ஹெமடைட்.

ஆய்வகத்தில் எஃகாலான அரைவை இயந்திரத்தில் அரைத்தால் இரும்பும் குரோமியமும் மாதிரியில் கலந்துவிடும். அகேட் கல்லாலான அரைவை இயந்திரம்தான் சரி.

எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிரால் தனிமங்களை அளக்கும் முறை) அறிக்கை மொத்த இரும்பையும் Fe₂O₃ ஆகவே காட்டும். அதை 0.6994-ஆல் பெருக்கினால்தான் இரும்பின் சதவீதம். FeO (ஆக்சிஜன் குறைந்த நிலையிலுள்ள இரும்பு) வேண்டுமென்றால் டைகுரோமேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனைத் தனியாகச் செய்ய வேண்டும். மாதிரியைச் சூடேற்றி எடை இழப்பை அளக்கும் சோதனையில் எடை குறைவதற்குப் பதில் கூடினால், தராசு கெட்டுவிட்டது என்று பூஜ்யம் போட்டுவிடாதீர்கள். மேக்னடைட் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். 100 கிராம் சுமார் 103.5 கிராம் ஆகும். இரும்பு 40 சதவீதமாக இருந்து, அத்தனையும் மேக்னடைட்டில் இருந்தால் எடை 1.9 சதவீதம் ஏறும். இழப்பு என்ற இடத்தில் வரும் எதிர்மறை எண்ணை அப்படியே எழுதுங்கள்.

தோற்றம் பற்றிய முடிவில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். யூரோப்பியம் (அரிய மண் தனிமங்களில் ஒன்று) அக்கம்பக்கத்துத் தனிமங்களைவிடத் தூக்கலாக இருந்தாலே கடலடி வெந்நீர் ஊற்றிலிருந்து வந்த இரும்பு என்று எழுதிவிடுவார்கள். முதலில் Al₂O₃ (அலுமினியம் ஆக்சைடு), TiO₂ (டைட்டானியம் ஆக்சைடு) அளவுகளைப் பாருங்கள். அவை கூடுதலென்றால் கடலில் படிந்த களிமண்ணோ, பின்னால் புகுந்த ஃபெல்ஸ்பார் நரம்போ கலந்திருக்கலாம்; ஃபெல்ஸ்பாரும் யூரோப்பியத்தைத் தூக்கிக் காட்டும். இன்னொரு வில்லன் பேரியம்: அணுக்களை நிறைவாரியாக எண்ணும் ஐசிபி-எம்எஸ் கருவியில் பேரியம் ஆக்சைடின் நிறை யூரோப்பியத்தின் 151, 153 நிறைகளோடு மோதும். திருத்தம் செய்யாத எண்ணில் தெரியும் யூரோப்பியம் பேரியத்தின் நிழலாக இருக்கலாம்.

கர்நாடகத்து சிஸ்ட் (தகடு தகடாகப் பிளக்கும் உருமாறிய பாறை) பட்டைகளிலுள்ள இரும்புத்தாதுவுக்குச் சொன்னதை இங்கே அப்படியே ஒட்டுவதும் வேண்டாம். இந்தப் பாறைகள் மிக அதிக வெப்பத்தில் உருமாறியவை. பைராக்சீன் எனும் சிலிக்கேட் கனிமம் தெரிந்தால் அது ஆதியில் சிலிக்கேட் படிவு என்று பொருளல்ல. இரும்புக் கார்பனேட்டும் சிலிக்காவும் வினைபுரிந்தும் அது உருவாகும்.

காந்தத்தில் ஒட்டுவதெல்லாம் ஒரே குடும்பமும் இல்லை. திருப்பத்தூர் அருகே சேவாத்தூரில் கிடைக்கும் மேக்னடைட் கார்பனடைட் எனும் தீப்பாறையைச் சேர்ந்தது. கூடவே அபடைட்டும் (பாஸ்பேட் கனிமம்) பைரோகுளோரும் (நியோபியம் கனிமம்) இருப்பதால் பாஸ்பரஸும் நியோபியமும் ஏறியிருக்கும். அந்த எண்களைக் கவுத்திமலை மாதிரிகளோடு ஒரே வரைபடத்தில் போட்டுக் கோடு இழுத்தால், அந்தக் கோட்டுக்கு அர்த்தமே கிடையாது.