வடக்கு ஐஸ்லாந்தின் பண்ணை விடுதியில் செய்யக்கூடாதவை

சென்ற பிப்ரவரியில், மீவாட்ன் ஏரிக்கரையில் ஒரு குடும்பம் நடத்தும் பண்ணை விடுதியில் காலை உணவுக்கு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் ஓர் இளம் தம்பதி. காபிக் குடுவையோடு வந்த வீட்டுக்கார அம்மா, "மேற்கே போவதானால் இப்போதே கிளம்பிவிடுங்கள்" என்றார். இருவரும் சிரித்துத் தலையாட்டினார்கள். அது எனக்குத் தெரிந்த தலையாட்டல். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் ஆட்டினேன்.

கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், அறையை முன்பதிவு செய்யுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் அவ்வளவு தூரம் போகமாட்டார்.

வீட்டுக்காரர் சொல்லும் வானிலையை உபசாரப் பேச்சாக எடுத்துக்கொள்வது

அந்த முந்தைய பயணத்தில் கடைசி இரவை இதே ஏரிக்கரையில் வைத்திருந்தேன். மறுநாள் காரில் கெஃப்லவீக் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆறரை மணி நேரம் என்றது கைப்பேசி வரைபடம். விமானமோ அதற்கும் அடுத்த நாள் காலையில்தான். கையில் ஒரு முழுப் பகல் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரவு உணவு முடிந்ததும் வீட்டுக்காரர் வானிலைப் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். "நண்பகலுக்குள் மலைப்பாதை மூடிவிடும். ஆறு மணிக்கே கிளம்புங்கள், காலை உணவைக் கட்டித் தருகிறேன்." காற்றின் வேகம் 24 என்றிருந்தது. சைக்கிள் வேகம்தானே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஐஸ்லாந்தில் காற்றை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று அளக்கிறார்கள். 24 என்றால் மணிக்கு 86 கிலோமீட்டர். பெய்த பனியை அந்தக் காற்று கிளப்பினால் காரின் முன்பக்கமே கண்ணுக்குத் தெரியாது.

பிப்ரவரி நடுவில் அங்கே சூரியன் எழவே ஒன்பதுக்கு மேல் ஆகிறது. இருட்டில் ஏன் ஓட்ட வேண்டும் என்று விடிந்த பிறகு நிதானமாகச் சாப்பிட்டேன். வழியில் கோதாஃபோஸ் அருவியில் ஒரு மணி நேரம் படமெடுத்தேன். ஆகுரேரி நகரைத் தாண்டி ஓக்ஸ்நதால்ஸ்ஹெய்தி மலைப்பாதையின் அடிவாரத்தை அடைந்தபோது சாலையில் தடுப்புக்கட்டை இறங்கியிருந்தது. மறுநாள் பிற்பகலில்தான் தூக்கினார்கள். விமானம் போயிற்று. புது டிக்கெட், ஆகுரேரியில் ஓர் இரவு வாடகை, காரைத் தாமதமாகத் திருப்பியதற்குக் கூடுதல் கட்டணம். பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். கட்டித் தருகிறேன் என்றாரே, அந்தப் பொட்டலம்தான் இன்னும் உறுத்துகிறது.

அந்தப் பாதை 500 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறுகிறது. அதைக் கடந்தாலும் தெற்கே ஹோல்தவோர்துஹெய்தி என்ற இன்னொரு மேட்டுநிலம் காத்திருக்கிறது. சுற்றுவழியான கரையோரச் சாலையையும் பனிச்சரிவுக்கு அஞ்சி மூடிவிடுவார்கள். ஆகவே குளிர்காலத்தில் கடைசி இரண்டு இரவுகளைத் தலைநகர் ரெய்க்யவிக் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சாலைத் துறையின் 1777 எண்ணை அழைத்து நிலவரம் கேட்கலாம். ஆனால் எனக்கு முதல் தகவல் அந்தச் சாப்பாட்டு மேசைதான். ஆடு வளர்ப்பவருக்குக் காற்று என்பது பேச்சுக்கான விஷயமா என்ன? ‘தெத்தா ரெத்தாஸ்ட்’, அதாவது எப்படியும் சரியாகிவிடும் என்பது அந்நாட்டார் எதற்கெடுத்தாலும் சொல்லும் வார்த்தை. அன்றிரவு அவர் அதைச் சொல்லவே இல்லை. அதையாவது நான் கவனித்திருக்கலாம்.

அந்தத் தம்பதியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஏரியைப் படமெடுக்கப் போனார்கள்.

பசித்த பிறகு சாப்பாடு கேட்பது

அடுப்பு உங்களுக்காக எரிவதில்லை. இரவு உணவு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சைவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் புகைபோட்ட டிரவுட் மீன் தட்டில் வரும். மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். வெந்நீர் ஊற்று மண்ணில் ஒரு நாள் முழுக்கப் புதைத்து வேகவைக்கும் கரும்பழுப்பு ரொட்டி, அதாவது ரை என்ற தானியத்தின் மாவில் செய்யும் ரொட்டி, இருக்கிறது. வெண்ணெயோடு அதுவே எனக்குப் போதும்.

பெயர் சொல்லிக் கூப்பிடக் கூசுவது

நமக்குக் கூசத்தான் செய்யும். அங்கே குடியரசுத் தலைவரையே பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.

ஷூவோடு உள்ளே போவது

வாசலிலேயே கழற்றுங்கள். இதை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளியோடு குளிப்பது

குழாயில் வரும் வெந்நீரில் அழுகிய முட்டை வாடை வந்தால் அது கந்தகம். குளிக்கலாம். ஆனால் கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிடுங்கள், கறுத்துவிடும். குடிக்கக் குளிர்நீர்க் குழாயைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். பாட்டில் தண்ணீர் வாங்குவது வீண் செலவு.

கார்க் கதவு

இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். காற்று பிடுங்கி மடக்கிய கதவுக்குக் காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது.

வடஒளிக்காகக் கண் விழிப்பது

சில விடுதிகளில் வடஒளியால் (அரோரா) வானம் ஒளிர்ந்தால் கதவைத் தட்டி எழுப்புவார்கள். படுக்கும் முன் கேட்டுவையுங்கள். மேலங்கியைக் கதவருகே மாட்டிவிட்டுத் தூங்குங்கள்.